சின்னவளுக்கு ஒதுக்கின ரூம்

…ரெண்டு வாரம். முழுசா ரெண்டு வாரம். அதுக்குன்னு தனியா ஒரு ரூம். அதுக்குள்ள அதோட மெத்தை, அதோட கிண்ணம், அது ஒதுங்கறதுக்கு மண்ணு போட்ட தட்டு. கதவு எப்பவும் சாத்தியே இருக்கணும், வெளிய யாரும் உரக்கப் பேசக்கூடாது. என்னமோ பெரிய வீட்டுப் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கான்னு நினைச்சுக்காதீங்கம்மா. பூனை. வீடு மாறி வந்த பூனை. அதுக்குத்தான் இத்தனை உபசாரம்.

இல்லல்ல, உள்ள வேண்டாம், இந்தப் படியே போதும் எனக்கு. தண்ணி குடுத்தீங்களே, அதுவே பெருசு. நான் யாருன்னே சொல்லாம பேச்சை ஆரம்பிச்சுட்டேன் பாருங்க. உங்களுக்கு முன்னாடி இந்த வீட்டுல குடியிருந்தவன் நான். இருபத்திரண்டு வருஷம். பஸ் டிப்போல டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளிய போச்சு, எத்தனை நிமிஷம் லேட்டா உள்ள வந்துச்சுன்னு எழுதி எழுதியே ரிட்டயர் ஆனவன். எனக்கு எதுவும் முறையா நடக்கணும். இப்ப எங்க வீட்டுல முறைன்னு ஒண்ணு கிடையாது. ஒரு பூனையும் ஒரு நாயும் வெச்சதுதான் சட்டம்.

அந்த அலமாரியை அந்தச் சுவரோட ஒட்டி வெச்சிருக்கீங்களே… வேண்டாம்மா. மழை வந்தா அந்தச் சுவர்ல ஈரம் ஏறும். மூணு தடவை பெயின்ட் அடிச்சுப் பார்த்துட்டோம், ஒண்ணும் நிக்கல. ஒரு சாண் தள்ளி வைங்க. சரி, உங்க இஷ்டம், நான் சொல்றதைச் சொல்லிட்டேன்.

எங்க விட்டேன்… ஆங், பூனை. உங்க கண்ணுல ஒரு பூனை பட்டுச்சான்னு கேக்கத்தான் வந்தேன். சாம்பல் கலரு, வலது காதுல சின்னதா ஒரு வெட்டு. அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க. அதுக்குள்ள நான் நடந்ததைச் சொல்லிடறேன்.

வீடு மாறணும்னு நான் கேக்கலம்மா. இந்த வீட்டுல பாத்ரூமுக்கு மூணு படி இறங்கணும், பார்த்திருப்பீங்க. என் சம்சாரத்துக்கு ரெண்டு முழங்காலும் போச்சு. ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு காலை வெச்சு, நின்னு, மூச்சு விட்டு, அப்புறம் அடுத்த கால். அதைப் பார்த்துட்டு என் பொண்ணு சொன்னா, "அப்பா, எங்க பில்டிங்குக்குப் பக்கத்து பில்டிங்ல நாலாவது மாடி காலியா இருக்கு, லிஃப்ட் இருக்கு, ஒரு படி கிடையாது." அவ்வளவுதான். அம்மாவும் பொண்ணும் பேசி முடிச்சாச்சு. எனக்குப் போன்ல போட்டோ காமிச்சாங்க. "நல்லா இருக்கில்லப்பா?" போட்டோல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். என் ரிட்டயர்மென்ட் விழாப் போட்டோல எங்க டிப்போ மேனேஜர்கூட நல்லா இருக்கார்.

அந்த மேனேஜர் பேரைத்தான் எங்க நாய்க்கு வெச்சேன். பேரைன்னா பேரை இல்ல, பதவியை. "மேனேஜர்"னு கூப்பிட்டா வாலை ஆட்டும். நாள் முழுக்கப் படுத்திருக்கும், யாராவது வந்தா மட்டும் எழுந்து குரைக்கும், அப்புறம் வேலை செஞ்ச களைப்புல மறுபடி படுத்துக்கும். வேற என்ன பேரு வெக்கச் சொல்றீங்க. பூனைக்கு என் சம்சாரம் வெச்ச பேரு "சின்னவ". எனக்கு ஒரே பொண்ணும்மா. அவளைப் பெரியவளாக்கி, இந்தப் பூனையைச் சின்னவளாக்கி, ரெண்டு பொண்ணைப் பெத்தவ மாதிரி பேசுவா. "சின்னவ சாப்பிட்டாளா", "சின்னவளுக்கு மூக்கு காயுது". வீட்டுக்கு வர்றவங்க ரெண்டாவது பொண்ணு எங்க படிக்கிறான்னு கேப்பாங்க. நான் கூரையைக் காட்டுவேன்.

சரி, வீடு மாறப் போறோம்னு முடிவாச்சா, என் பொண்ணு இதுங்க ரெண்டையும் மிருக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. மேஜை மேல பூனை ஏறி உட்கார்ந்திருக்கு, அந்தம்மா அதுங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு ஊசி போடுது. அந்தம்மா ஒரு காகிதம் குடுத்துச்சு. ரெண்டு பக்கம். வீடு மாறும்போது பிராணிகளை எப்படிப் பழக்கறதுன்னு.

சொல்றேன் கேளுங்க. அட்டைப்பெட்டியை எல்லாம் ஒரு வாரம் முன்னாடியே கொண்டுவந்து வீட்டுல வெக்கணுமாம். எதுக்கு? பூனை அதை மோந்து பார்த்து, ஏறி உட்கார்ந்து, பழகிக்கணுமாம். வெச்சோம். நான் ஒரு வாரம் அட்டைப்பெட்டியைத் தாண்டித் தாண்டி நடந்தேன். ஒரு நாள் கால் இடறி விழுந்தேன். "பார்த்து, சின்னவ உள்ள தூங்கறா"ன்னு அடுப்படியிலேர்ந்து சத்தம் வருது.

அதுங்க படுக்கிற துணியைத் துவைக்கக்கூடாதாம். பழைய வாசனையோட அப்படியே புது வீட்டுக்குக் கொண்டு போகணுமாம், அப்பத்தான் மனசுக்கு ஆறுதலா இருக்குமாம். சரி. என் பிரம்பு நாற்காலி ஒண்ணு இருந்துச்சு, இதோ இந்த ஜன்னல் பக்கத்துலதான் கிடக்கும், இருபது வருஷம் நான் உட்கார்ந்து உட்கார்ந்து என் முதுகு மாதிரியே வளைஞ்சு போனது. அதைத் தூக்கிப் போட்டுட்டாங்க. ஏன்? "அது ஒரு மாதிரி வாடை அடிக்குதுப்பா, புது வீட்டுக்கு எதுக்கு." பூனை வாடை ஆறுதல். என் வாடை குப்பை.

புது வீட்டுக்கு நாயை முன்னாடியே ஒரு தடவை கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டணுமாம். காட்டினாங்க. என் மாப்பிள்ளை காரை எடுத்துட்டு வந்து, பின் சீட்ல போர்வை விரிச்சு, மேனேஜரை உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனார். அது போய் மூணு ரூமையும் ஆய்வு பண்ணிட்டு, பால்கனியில ஒண்ணுக்கு இருந்துட்டு வந்துச்சு. எனக்குப் போட்டோ, நாய்க்கு நேர்ல. சொன்னா சிரிப்பாங்க, அதனால நான் சொல்லல.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலை. எது கேட்டாலும் பிளக்ல சொருகற சாமான் ஒண்ணு வாங்கிட்டு வந்துடுவார். கொசுவர்த்தி மெஷின் மாதிரி ஒண்ணு. சுவர்ல சொருகினா ஏதோ வாசனை வருமாம், நமக்குத் தெரியாதாம், நாய்க்கு மட்டும் தெரியுமாம், அது மோந்தா மனசு அமைதியாகுமாம். "எனக்கும் ஒண்ணு வாங்கியிருக்கலாமே மாப்பிள்ளை"ன்னேன். "மாமா எப்பவும் தமாஷ்தான்"னு போயிட்டார். நான் தமாஷா சொல்லலம்மா.

சாமான் ஏத்தற அன்னைக்கு மேனேஜரை என் பொண்ணு வீட்டுல விட்டாச்சு. பூனையை பாத்ரூம்ல வெச்சுப் பூட்டிட்டாங்க, ஆளுங்க வந்து போற சத்தத்துல மிரண்டு ஓடிடக்கூடாதாம். கதவுல பெருசா எழுதி ஒட்டியிருக்கு, "உள்ளே பூனை. திறக்காதீர்கள்." ஒரே ஒரு பாத்ரூம் இருக்கிற வீடு. காலையில எட்டு மணியிலேர்ந்து. நான் எதிர்க்கடைத் தையல்காரர்கிட்ட போய், "உங்க கக்கூசை ஒரு நிமிஷம்…"னு நின்னேன். அவர் கத்தரியைக் கீழ வெச்சுட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கே. இருபத்திரண்டு வருஷம் எனக்குச் சட்டை தெச்ச மனுஷன். கடைசி நாள் நான் அவருக்கு விட்டுட்டு வந்த ஞாபகம் அதுதான்.

அங்க போனா… ரூம் விஷயம் வருது. அந்த வீட்டுல மூணு ரூம். ஒண்ணு எங்களுக்கு. ஒண்ணுல பிரிக்காத சாமான். மூணாவது சின்ன ரூம், கிழக்குப் பார்த்த ஜன்னல், அதை எனக்குன்னு என் சம்சாரம் சொல்லியிருந்தா. "உங்க மேஜை, உங்க ரேடியோ, உங்க பேப்பர் எல்லாம் அங்க வெச்சுக்கலாம், யாரும் தொந்தரவு பண்ண மாட்டோம்"னு அவளே சொன்னது. அதை நம்பித்தான் நான் வாயைத் திறக்காம வந்தேன். போய் இறங்கின அன்னைக்குச் சாயங்காலம் பார்த்தா, அந்த ரூம்ல பூனை மெத்தை, கிண்ணம், தட்டு. கேட்டா, "ரெண்டு வாரம்தானே, டாக்டர் சொல்லியிருக்காங்க, முதல்ல ஒரு ரூமைப் பழக்கிட்டு அப்புறம் மெதுவா வீட்டைப் பழக்கணும். நீங்க ஹால்ல இருந்துக்கோங்க." நான் ஹால்ல. பேப்பரை மடியில வெச்சுக்கிட்டு, சோபா நுனியில, விருந்தாளி மாதிரி. என்னை எந்த ரூம்ல வெச்சுப் பழக்கணும்னு அந்தக் காகிதத்துல எழுதலை போல.

லிஃப்ட் மணி அடிச்சா மேனேஜர் குரைக்கும். நாலு மாடிக்கும் சேர்த்து அதுதான் காவல். பக்கத்து வீட்டுக்காரர் முதல் நாளே வந்து நல்லா விசாரிச்சார், என்னை இல்ல, நாய் எப்ப நிறுத்தும்னு. நாயோட நடை நேரத்தை மாத்தக்கூடாதாம், காலையில ஆறரை, சாயங்காலம் அஞ்சு. சரி, அது ஒண்ணு நியாயம், அதை நான் ஒத்துக்கறேன். நேரம்னா நேரம்தான்.

பூனை கத்தும் பாருங்க… குழந்தை அழற மாதிரி இல்ல, ஏதோ கணக்குக் கேக்கற மாதிரி. கதவைப் பிராண்டும். அவ உள்ள போய் உட்கார்ந்து அதுங்கிட்டப் பேசுவா. "சின்னவளே, இதுவும் நம்ம வீடுதாண்டி, பாரு, உன் மெத்தை, பாரு, உன் கிண்ணம்." கதவுக்கு வெளிய நான் உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருப்பேன். எனக்கும் சேர்த்துச் சொல்றாளோன்னு ரெண்டு நாள் பார்த்தேன். இல்ல. பூனைக்குத்தான்.

அஞ்சாவது நாள்தான் காணாமப் போனது.

…அந்த அடுப்படி வாசல்ல ஒரு தட்டு இருக்கேம்மா. மீன் முள்ளு மாதிரி தெரியுது. உங்க வீட்டுல நாய் பூனை எதுவும் வளக்கறீங்களா? இல்லையா. சரி. சும்மா கேட்டேன்.

காணாமப் போய் இன்னைக்குப் பதினோரு நாள். நாலாவது மாடி. பால்கனிக்கு வலை போட்டிருக்கோம், அதுவும் அந்தக் காகிதத்துல இருந்ததுதான். ஒரு மூலையில உள்ளங்கை நுழையற அளவு இடைவெளி. என் சம்சாரம் அந்த வழியாத்தான் போயிருக்கும், கீழ விழுந்திருக்கும்னு நினைக்கிறா. அந்த முழங்காலோட தினமும் மூணு தடவை கீழ இறங்கி, பில்டிங்குக்குப் பின்னாடி செடி மறைவுல எல்லாம் குனிஞ்சு பார்க்கறா. கையில ஒரு தட்டும் ஸ்பூனும். தட்டறது, கூப்பிடறது, நின்னு கேக்கறது. வாட்ச்மேன் வந்து என்கிட்டச் சொல்றான், "சார், அம்மாவைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க, வெயில்ல நிக்கறாங்க." நான் போய்க் கூப்பிட்டா, "இருங்க, அந்தச் சுவர் பக்கம் இன்னும் பார்க்கல"ங்கறா. முந்தாநேத்தும் பார்த்தா. நேத்தும் பார்த்தா.

மேனேஜர் அந்த ரூம் வாசல்ல படுத்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேங்குது. லிஃப்ட் மணி அடிச்சாக்கூட தலையைத் தூக்கல. சோறு வெச்சா மோந்துட்டு விட்டுடுது. இதுங்க ரெண்டும் இந்த வீட்டுல இருந்தவரைக்கும் ஒண்ணை ஒண்ணு ஏறிட்டுப் பார்த்ததில்லம்மா. இப்ப இந்தப் பாசம். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டா அந்தம்மா சொல்லுது, "பழைய வீட்டுப் பக்கம் ஒரு தடவை பாருங்க, பூனைங்க சில சமயம் திரும்பிப் போயிடும்." அதான் வந்தேன். கூடையோட.

உள்ள இப்ப கத்தினது பூனைதானே?

கேட்டுச்சும்மா. அலமாரிக்குப் பின்னாடி. நான் தப்பாக் கேக்க மாட்டேன், அஞ்சு நாள் அந்தக் குரலைக் கதவுக்கு வெளிய உட்கார்ந்து கேட்டவன். நல்லதாப் போச்சு. நீங்க நல்லவங்க, சோறு போட்டிருக்கீங்க. கூப்பிடுங்க, கூடையில போட்டு எடுத்துட்டுப் போயிடறேன். நான் கூப்பிட்டா வராது. வேண்டாம், நான் கூப்பிடல.

என்ன? அங்கேர்ந்து ஒன்பது கிலோமீட்டர் எப்படி வந்துச்சுன்னா? அது… பூனைக்கு அதெல்லாம் தெரியும்மா. வாசனை பிடிச்சு வந்திருக்கும். நடுவுல ஒரு பாலம் இருக்குதான், மேல ரயில் போற பாலம், அதுக்கு என்ன, நடந்திருக்கும். பூனைக்குத் திசை… ஆமா, வந்து சேர எத்தனை நாள் ஆச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும். நீங்க வர்றதுக்கு முன்னாடியே இங்க இருந்துச்சா? அப்ப வேகமாத்தான் வந்திருக்கு.

…யாரு சொன்னாங்க?

தையல்காரரா.

அவருக்குக் கடையில வேலை கம்மியாப் போச்சு போல. மிஷினைப் பார்க்காம தெருவைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். என்ன சொன்னார்? கூடையோட வந்தேன்னா. எந்தக் கூடைன்னுகூடச் சொல்லியிருப்பார், மஞ்சள் மூடி போட்டது, இதோ இதுதான்.

சரிம்மா. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. அது ஓடி வரல. நான்தான் கொண்டுவந்து விட்டேன்.

அப்படிப் பார்க்காதீங்க. கெட்ட எண்ணத்துல செய்யல. அன்னைக்கு மத்தியானம், அவ மேனேஜரைக் குளிப்பாட்டப் பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தா. என் கண்ணாடி அந்த ரூம் மேஜையில இருந்துச்சு, எடுக்கலாம்னு உள்ள போனேன். இது கத்தல. ஜன்னல் கட்டைமேல உட்கார்ந்து வெளிய பார்த்துக்கிட்டிருந்துச்சு. அங்க வெளிய என்ன இருக்குன்னா, அடுத்த பில்டிங்கோட சுவர். வேற ஒண்ணும் இல்ல. அந்தச் சுவரையே பார்த்துக்கிட்டிருக்கு. நான் ஹால்ல உட்கார்ந்து பார்க்கிறதும் அதே சுவர்தான். நானும் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்தோம். எனக்கு அப்ப தோணுச்சு… நமக்குத்தான் பெண்டாட்டி முழங்கால், பொண்ணு சொல்லு, அது இதுன்னு ஆயிரம் இருக்கு. இதுக்கு என்ன தலையெழுத்து? இதாவது வீட்டுக்குப் போகட்டுமே. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது போகட்டுமே.

ரூமுக்காகவும்தான். அதையும் சொல்லிடறேன். ரூம் காலியாகும்னும் நினைச்சேன். எதை முதல்ல நினைச்சேன்னு கேக்காதீங்க.

இந்தக் கூடையில போட்டு மூடி, இந்தப் பக்கம் வர்ற ரூட் வண்டியில ஏறிட்டேன். கண்டக்டர் என்னைத் தெரிஞ்ச பையன். "சார், வாங்க, உட்காருங்க. கூடையில என்ன சார்?" "துணி"ன்னேன். துணி கத்துச்சு. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் சிரிச்சுக்கிட்டே, "துணிக்கும் டிக்கெட் போடணுமா சார்"னான். முப்பது வருஷம் ஒரு நிமிஷத்தைக்கூட மாத்தி எழுதாதவன் நான். ஒரு பூனைக்காகப் பஸ்ஸுல நின்னு பொய் சொன்னேன்.

அப்ப நீங்க குடி வரல, வீடு பூட்டிக் கிடந்துச்சு. காம்பவுண்டு சுவர் மேல கூடையை வெச்சு மூடியைத் திறந்தேன். குதிச்சு இறங்கி, நேரா அந்தப் பின்பக்க ஜன்னல் திண்டுக்குப் போய்ச் சுருண்டு படுத்துக்கிச்சு. என்னவோ கடைக்குப் போய்ட்டுத் திரும்பி வந்த மாதிரி. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. எனக்குச் சந்தோஷமாவும் இருந்துச்சு, பொறாமையாவும் இருந்துச்சு. கொஞ்ச நேரம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்ப பார்த்திருப்பார் தையல்காரர்.

அவகிட்டச் சொல்லிடணும்னுதான் போனேன். சத்தியமா. பஸ்ஸுல திரும்பிப் போகும்போதே வரிசையா யோசிச்சு வெச்சிருந்தேன். "பாரு, அது பழைய இடத்துலதான் சந்தோஷமா இருக்கு, புதுசா வர்றவங்ககிட்டச் சொல்லி வெப்போம், வாரத்துக்கு ரெண்டு தடவை நீயும் நானும் போய்ப் பார்த்துட்டு வரலாம்." திட்டுவா, அப்புறம் ஒத்துக்குவான்னு நினைச்சேன். கதவைத் திறந்து உள்ள போறேன். அவ எனக்கு முன்னாடியே வந்துட்டா. பால்கனியில நிக்கறா. அந்த வலை மூலையில கையை விட்டுப் பார்த்துக்கிட்டு. என்னைத் திரும்பிப் பார்த்து, "நான்தாங்க. காலையில துணி காயப்போட்டுட்டு ரூம் கதவையும் பால்கனிக் கதவையும் சரியாச் சாத்தல போல. நான்தான் விட்டுட்டேன்"னா.

அங்க சொல்லியிருக்கணும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு எத்தனை தடவை சொல்றது, கதவைச் சாத்துன்னு."

வாயில வந்துடுச்சும்மா. எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல. சொன்ன பிறகு திருப்பி எடுக்கலாம். அடுத்த நிமிஷம் எடுத்திருக்கலாம், ராத்திரி சாப்பிடும்போது எடுத்திருக்கலாம். ஒரு நாள் தள்ளிப் போனா அது ரெண்டு மடங்கு பெருசாயிடுது. பதினோரு நாள். தினமும் அவ தட்டை எடுத்துக்கிட்டுக் கீழ போறதை மாடியிலேர்ந்து பார்க்கறேன். ஒரு நாள் நானும் கூடப் போய்ச் செடியை விலக்கித் தேடினேம்மா. நான். தேடினேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்களுக்கும் அது மேல பாசம் இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே"ன்னா.

ரெண்டு தடவை இதை எடுத்துட்டுப் போக வந்தேன். முதல் தடவை நீங்க சாமான் இறக்கிக்கிட்டிருந்தீங்க, உள்ள வர வெக்கமா இருந்துச்சு. ரெண்டாவது தடவை ஜன்னல் பக்கம் போனேன், கூடையைப் பார்த்த உடனே எகிறி ஓடிடுச்சு. அதுக்கு என்னைப் புரிஞ்சுபோச்சு. டாக்டரம்மாவைக் கேலி பண்ணேன், மாப்பிள்ளையைக் கேலி பண்ணேன். அந்தக் காகிதத்துல எழுதினதை எல்லாம் அவ ஒண்ணு விடாம செஞ்சா. பூனை அஞ்சு நாள்ல பாதி பழகியிருந்துச்சும்மா, அதுதான் விஷயம். மத்தியானத்துல கத்தறதை நிறுத்தியிருந்துச்சு. பழகாதவன் நான் ஒருத்தன்தான்.

ஒரு உதவி பண்ணுங்க. அவகிட்ட, பூனை தானா வந்துச்சுன்னு ஒரு வார்த்தை… நீங்க சொன்னா நம்புவா. நடந்தே வந்துச்சு, பாலத்தைத் தாண்டி வந்துச்சுன்னு. நானும் தேடிக் கண்டுபிடிச்சேன்னு ஆயிடும். யாருக்கும் நஷ்டமில்ல.



போனை எதுக்கு நீட்டறீங்க? இல்லம்மா, என்கிட்டயே இருக்கு. சரி. சரி, நான் பேசறேன். பார்த்துக்கிட்டே நிக்க வேண்டாம், பேசறேன்.

…நான்தான். பழைய வீட்டுல இருக்கேன். கிடைச்சிருச்சு. ஆமா, சின்னவதான். உசுரோட இருக்கு, நல்லா இருக்கு. இரு, அழாத, முதல்ல நான் சொல்றதைக் கேளு. அது விழவும் இல்ல, ஓடவும் இல்ல. நீ கதவைச் சாத்தாம விடல. நான்தான் கூடையில போட்டுக் கொண்டுவந்து விட்டேன். அன்னைக்கே. ஆமா. நீ பால்கனியில நின்னப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். …ஹலோ. …இருக்கியா? …சாப்பிடுதாம். மீன் போட்டிருக்காங்க, நல்ல பொண்ணு. …ஹலோ.

வெச்சுட்டா.

திட்டலம்மா.  "சாப்பிட்டாளா"ன்னு ஒண்ணு கேட்டா. அப்புறம், "நீங்க அவளைத் தொடாதீங்க. நான் வர்றேன்"னா. அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருஷத்துல என்னை அவ இப்படிப் பேசினதில்ல. பொண்ணு ஆபீஸ்ல, மாப்பிள்ளை ஆபீஸ்ல, காரும் இல்ல. மூணு இருபது வண்டியைப் பிடிச்சா நாலுக்கு இங்க இறங்குவா.

இந்தக் கூடையை நீங்களே வெச்சுக்கோங்க, அவகிட்டக் குடுங்க. நான் கைல வெச்சிருந்தா அது வெளிய வராது.

ஏம்மா… உள்ள போயிட்டீங்களா. கதவையும் சாத்திட்டீங்க. சரிதான், நானா இருந்தாலும் சாத்துவேன்.

கேக்குதாம்மா? நான் இங்க இருக்கப் போறதில்ல, ஸ்டாப்பிங்குக்குப் போறேன். இப்ப மணி மூணு பத்துதான், பரவாயில்ல, நிக்கறேன். அந்த ரூட்ல ஓடறது பழைய வண்டி, படி ரொம்ப உயரம். அவளால தனியா இறங்க முடியாது. என்கிட்டப் பேச மாட்டா, முகத்தைப் பார்க்க மாட்டா. ஆனா இறங்கறதுக்கு என் கையைப் பிடிச்சுத்தான் ஆகணும்.